திட்டிப் பழகு

அவளுக்குத் திட்டத் தெரியாது. நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இதைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும், என் அக்காவைத் தவிர. அக்கா சிரிக்க மாட்டாள். கையில் எது இருக்கிறதோ அதைத் தூக்கி என் மேல் எறிவாள்.

நான் அந்தப் பெரிய வீட்டில் கார் டிரைவர். வீட்டுக்கார அம்மா இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் மாடியறையில் படுத்திருந்தார். அவரைக் கவனித்துக்கொள்ள வந்தவள் அவள். புரட்டிப் படுக்க வைப்பது, துடைத்து விடுவது, ஊட்டுவது, முதுகில் புண் வராமல் பவுடர் போடுவது, எல்லாம் அவள் தலையில். ஆள் சின்னவள். ஓர் இடத்தில் நிற்க மாட்டாள், வாயும் ஓயாது. அதனால் நான் அவளைக் குருவி என்றேன். அவள் என்னை ‘டிரைவர் சார்’ என்றாள். அந்த ‘சார்’ கிண்டலுக்குத்தான். ஆனால் அந்த வீட்டில் வேறு யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. கிண்டல் என்று தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் எனக்குள் குளுகுளுவென்று இருந்தது.

அம்மா தூங்கும் நேரத்தில் சமையலறைக்குப் பின்னால் இருந்த படிக்கட்டில் உட்கார்ந்து ஒரே கோப்பையில் டீ குடிப்போம். கல்யாணப் பேச்சுதான். வாடகைக்கு ஓர் அறை, தவணையில் ஒரு பழைய கார், அதை நான் வாடகைக்கு ஓட்டுவது. இதற்கு மேல் எங்களுக்கு ஆசைப்படத் தெரியவில்லை. அவளுக்கு மட்டும் தனியாக ஒன்று இருந்தது. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்போதெல்லாம் பின் சீட்டில் அவரைத் தாங்கிப் பிடித்தபடி குறுகி உட்கார்ந்து வருவாள்.

“ஒரு நாளாவது முன்னாடி உன் பக்கத்துல உக்காந்து, ஜன்னலைத் திறந்து விட்டுட்டு ஊர் சுத்தணும், டிரைவர் சார்.”

“நம்ம கார் வரட்டும். முன் சீட்டை உன் பேருக்கே எழுதி வெச்சிடறேன்.”

அம்மா இறந்தார். வக்கீல் வந்து கூடத்தில் உயிலைப் படித்தார். சொந்தக்காரர்கள் துக்கத்தை முகத்தில் ஒட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். வேலைக்காரர்கள் நாங்கள் சுவரோரம் நின்றோம். சொந்தங்களுக்கு ஆளுக்கொரு சாமான். எனக்கு, எப்போதோ செத்துப்போன ஐயாவின் மழைக்கோட்டு. வீடு, தோட்டம், கார், கடைத்தெருக் கட்டடம், பேங்கில் கிடந்தது, எல்லாம் ‘என் உடம்பை அருவருப்பில்லாமல் தொட்ட ஒரே ஆளுக்கு’ என்று எழுதியிருந்தார். குருவி தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் முன் சீட்டில் உட்கார்ந்தாள். ஜன்னலைத் திறந்தாள். முடியெல்லாம் முகத்தில் வந்து அடிக்க, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் கையாட்டிக்கொண்டே வந்தாள். ஓர் ஐஸ்கிரீம் வண்டி பக்கத்தில் நிறுத்தினேன். உதட்டோரம் வழிந்ததைத் துடைக்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“அடுத்த மாசமே பதிவு பண்ணிக்கலாமா?” என்றேன்.

“எதுக்கு அடுத்த மாசம்? அடுத்த வாரம்.”

அதை அவள் மனதாரத்தான் சொன்னாள். அன்று அவள் இரண்டு கையிலும் ஐஸ்கிரீம் இருந்தது. ஏன் இதைச் சொல்கிறேன் என்று பின்னால் புரியும்.

அந்த அடுத்த வாரத்தில்தான் நாத்தனார் வந்தார். அம்மாவுக்கு நாத்தனார், அதாவது செத்துப்போன ஐயாவின் தங்கை. உயில் படித்த அன்றைக்கு அவருக்குக் கிடைத்தது ஒரு சுவர்க்கடிகாரம். கூட இரண்டு பெண்மணிகளை அழைத்துக்கொண்டு நேராகக் கூடத்துக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தார். குருவியைப் பார்க்காமலே, “தண்ணி கொண்டு வாம்மா” என்றார்.

குருவி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டு, தட்டை நெஞ்சோடு அணைத்தபடி ஓரமாக நின்றாள். அவர்கள் பேசி முடிக்கும்வரை தன் சொந்த வீட்டில், தன் சொந்த சோபாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தாள். கிளம்பும்போது நாத்தனார், “இந்தத் திரைச்சீலை எல்லாம் அழுக்கா இருக்கு பாரு, துவைச்சுப் போடு” என்றார். இவள் “சரிங்கம்மா” என்றாள்.

அவர்கள் போனதும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

“வீடு என்னுதுன்னு பேப்பர்ல இருக்கு. என் முட்டிக்கு அது தெரியலையே. அந்தம்மாவைப் பாத்ததும் தானா எழுந்து நிக்குதே!”

“விடு, பழகிடும்.”

“இப்படியே நாம போய்க் கல்யாணம் பண்ணிக்கிட்டா என்ன சொல்வாங்க தெரியுமா? வேலைக்காரி டிரைவரைப் பிடிச்சிட்டான்னு சிரிப்பாங்க. முதல்ல என்னை ஒரு ஆளா மதிக்கட்டும். அப்புறம் உன்னைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் அவங்க நடுவுல உக்கார வெக்கறேன்.”

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அவள் அழுவதைப் பார்க்கவும் முடியவில்லை. அவளை எவ்வளவு சீக்கிரம் மதிக்கிறார்களோ அவ்வளவு சீக்கிரம் கல்யாணம் என்று என் மண்டை கணக்குப் போட்டது. அப்போதுதான் அந்த அருமையான யோசனையைச் சொன்னேன்.

“இந்த ஆளுங்களுக்கு மரியாதை வர்றது ஒரே ஒரு விஷயத்துலதான். அவங்க கண்ணெதிர்ல நாம யாரையாவது திட்டணும். அம்மா எப்படித் திட்டுவாங்க? ஞாபகம் இருக்குல்ல? அப்படித் திட்டணும். என்னைத் திட்டிப் பழகு.”

வேறு எவனாவது இப்படிச் சொல்லியிருப்பானா? காலமெல்லாம் திட்டு வாங்கிய ஒருத்தனுக்குத்தான் இந்த மாதிரி மூளை வேலை செய்யும்.

சாப்பாட்டு அறையில் பயிற்சி ஆரம்பமானது. அவளை மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார வைத்தேன். நான் கதவுப் பக்கம் கை கட்டி நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி பார்த்தாள், மறுபடி சிரித்தாள். கடைசியில் மூக்கை விடைத்துக்கொண்டு, “டேய் கழுதை! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?” என்று கத்தினாள்.

“இது குழாயடிச் சண்டை. பெரிய இடத்துல கத்த மாட்டாங்க. குரலை இறக்கணும்.”

“இறக்கினா எப்படிக் கோவம் வரும்?”

“கோவமே வரக் கூடாது. நீ கோவப்படற அளவுக்கு நான் பெரிய ஆளா என்ன? என் முகத்தையும் பாக்காத. செருப்பைப் பாரு. இல்ல, கையைப் பாரு. அம்மா என் முகத்தை எப்பவாவது பாத்திருக்காங்களா?”

அவள் யோசித்தாள். “இல்ல,” என்றாள், கொஞ்சம் ஆச்சரியமாக.

“அப்புறம், ஒரு கேள்வி கேக்கணும். எதிர்ல நிக்கறவன் ஆமான்னாலும் மாட்டணும், இல்லைன்னாலும் மாட்டணும். கேட்டு முடிச்ச உடனே வேற பேச்சுக்குப் போயிடணும். மழை வருமா, மணி என்ன, இப்படி ஏதாவது. திரும்பி மட்டும் பாக்கவே கூடாது. பாத்தா, வலிச்சுதான்னு கேக்கற மாதிரி ஆயிடும்.”

இத்தனையும் எனக்குத் தெரிந்திருந்தது என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அம்மா என்னைத் திட்டியபோதெல்லாம் நான் தலையைக் குனிந்து பாடம் படித்திருக்கிறேன் போல. பாடத்தில் ஓட்டை விழாமல் அப்படியே அவளுக்கு ஒப்பித்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

அவளுக்குத்தான் பயம். “நிஜமாவே உனக்கு வலிச்சிடுச்சுன்னா?” என்றாள். அவளே ஒரு வழியும் கண்டுபிடித்தாள். “நான் காது மடலைத் தொட்டேன்னா, நான் பேசறது எதுவும் என் மனசுல இல்ல, எல்லாம் வேஷம்னு அர்த்தம். சரியா? நீ என் காதையே பாத்துட்டு இரு.”

நாலைந்து நாளில் பிடித்துக்கொண்டாள். கார் எஞ்சினைக் குடைந்துவிட்டு அப்படியே உள்ளே போயிருந்தேன். அவள் ஜன்னலோரம் நின்றாள். என் விரல்களைப் பார்த்தாள். மெல்லிய குரலில், “இந்தக் கையாலதான் கதவைத் திறந்தியா, டிரைவர்?” என்றாள். உடனே வெளியே திரும்பி, “மழை வரும் போல இருக்கு” என்றாள்.

என் கை தானாகப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. செத்துப்போன அம்மா எழுந்து வந்து நிற்கிறாரோ என்று ஒரு நொடி நிஜமாகவே பயந்தேன். அப்புறம் அவள் விரல் காது மடலுக்குப் போனது. உயிர் வந்தது. நான் கை தட்டினேன். அவள் ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கிரீஸ் அவள் உடையெல்லாம் ஆனது. அதை அவள் கண்டுகொள்ளவில்லை.

நாத்தனார் அடுத்த தடவை வந்தபோது அரங்கேற்றம். டீயைத் தட்டில் சிந்திக் கொண்டுவர வேண்டும் என்று நாங்கள் முன்பே பேசி வைத்திருந்தோம். நான் தாராளமாகச் சிந்தினேன். குருவி தட்டைப் பார்த்தாள், என் செருப்பைப் பார்த்தாள், “உனக்கு டீ குடுக்கறதுன்னா இதுதானா?” என்றாள். நாத்தனார் பக்கம் திரும்பி அவருடைய கண் ஆபரேஷனைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தாள். விரல் மட்டும் காது மடலைத் தொட்டு இறங்கியது.

நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நீங்க உக்காருங்க, எதுக்கு நின்னுட்டு” என்றார். நீங்க! சமையலறையில் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நாத்தனார் தன் சிநேகிதிகளை அழைத்து வந்தார், சிநேகிதிகள் தங்கள் புருஷன்மார்களை அழைத்து வந்தார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் நான் ஒரு தப்பு செய்ய வேண்டியிருந்தது. தப்பான கோப்பை, தப்பான கதவு, தப்பான நேரத்தில் இருமல். சமையல்காரியை நிறுத்திவிட்டு ஹோட்டலிலிருந்து ஆள் வரவழைக்கலாம் என்றாள் குருவி. தோட்டக்காரர் தேவையில்லை, நீ இருக்கியே என்றாள். நான் குழாய் ரிப்பேர் செய்தேன், புல் வெட்டினேன், சாக்கடை குத்தினேன். சம்பளப் பேச்சு வந்தபோது, “நமக்குள்ள என்ன சம்பளம்?” என்று சொன்னவன் நானேதான். அவள் மறுக்கவில்லை. ஊர் வாய்க்குப் பயந்து நான் கார் ஷெட்டை ஒட்டிய அறைக்குப் போவது நல்லது என்று அவள் சொன்னபோதும், நம் கல்யாணம் வரைக்கும்தானே என்று படுக்கையைச் சுருட்டிக்கொண்டு போனேன். ஐயாவின் மழைக்கோட்டைத்தான் அங்கே போர்வையாகப் போர்த்திக்கொண்டேன். அறை ஒழுகியது.

பதிவு அலுவலகத்துக்கு மட்டும் நேரம் வரவில்லை. அடுத்த வாரம் என்பது இந்த விருந்து முடியட்டும் என்றானது. அப்புறம் வக்கீல் வேலை முடியட்டும். அப்புறம், “என்னை என்ன அவசரப்படுத்திட்டே இருக்க?”

அந்தச் சமயத்தில்தான் பஸ் டிப்போவில் வேலை பார்க்கும் மாமா, அதாவது என் அக்கா வீட்டுக்காரர், யார் யார் காலையோ பிடித்து எனக்கு அங்கே நிரந்தர வேலைக்கு ஏற்பாடு செய்தார். குடியிருக்க வீடும் உண்டு. அக்கா சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் குதித்தாள். நான் குருவியிடம் சொன்னேன்.

அன்றைக்கு அவளே ஷெட் அறைக்கு வந்தாள். நான் அங்கே குடிபோனதிலிருந்து அவள் காலடி அங்கே பட்டதில்லை. ஒழுகிய இடத்தில் வைத்திருந்த வாளியைத் தாண்டி வந்து என் கட்டிலில் உட்கார்ந்து என் தோளில் சாய்ந்தாள். பழைய குரலில் பேசினாள்.

“டிரைவர் சார், நீயும் போயிட்டா இந்தப் பெரிய வீட்டுல எனக்குன்னு யாரு இருக்கா? இவங்க எல்லாம் என் சொத்தைப் பாத்து வந்தவங்க. நீ ஒருத்தன்தான் என்னைப் பாத்து வந்தவன். இந்த மழைக்காலம் முடியட்டும். நாமளே போய்ப் பதிவு பண்ணிக்கலாம். சத்தியமா சொல்றேன்.”

சொல்லும்போது அவள் விரல் காது மடலைப் பிடித்திருந்தது. புதிதாக வாங்கிய வைரத் தோடு, பெரிய திருகு.

“திருகு குத்துதா?” என்றேன்.

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். “ஆமா” என்றாள்.

நான் அவள் முகத்தைத் திருப்பி, அந்தத் திருகை நோகாமல் தளர்த்திவிட்டேன். எனக்குத் தடித்த விரல். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். எனக்கு மனது நிறைந்து போயிருந்தது.

மாமாவிடம் வேலை வேண்டாம் என்று சொன்னேன். அவர் எழுந்து வெளியே போனார். அக்கா பேசினாள்.

“ஏண்டா, அவளுக்கு நீ யாரு? புருஷனா? இல்ல. வேலைக்காரனா? வேலைக்காரனுக்காவது மாசம் பொறந்தா கையில ஏதாவது வரும். உன்னை மாதிரி ஓசியில கிடைக்கற ஆளை எவளாவது கட்டிப்பாளா? கட்டிக்கிட்டா சோறு போடணும்ல!”

“அவ அப்படிப்பட்டவ இல்லக்கா.”

“அவ எப்படிப்பட்டவளோ. நீ இப்படிப்பட்டவன்னு அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. அதான் எனக்கு வயிறு எரியுது.”

காரைக் கழுவ நேரமாகிவிட்டது என்று நான் கிளம்பினேன்.

மழைக்காலம் முடிந்தது. அடுத்ததும் வந்து போனது. அவள் எப்போது பின் சீட்டுக்குப் போனாள் என்று எனக்குச் சரியாக ஞாபகமில்லை. முதலில் நாத்தனாருக்குத் துணையாக உட்கார்ந்தாள். அப்புறம் முன் சீட்டில் பைகளை வைத்தாள். அப்புறம் பை இல்லாத நாளிலும் பின்கதவுப் பக்கம் போய் நின்றாள், நான் திறப்பதற்காக. நான் கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்து வைத்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். ஒரு நாள், “அந்தக் கண்ணாடியை நேரா வை” என்றாள். நேராக வைத்தேன். அதற்குப் பிறகு பின்னால் வரும் லாரிதான் தெரிந்தது.

‘டிரைவர் சார்’ என்பதிலிருந்து ‘சார்’ எப்போதோ கழன்று விழுந்துவிட்டது. ஒரு நாள் தோட்டத்தில் அவள் தனியாக நடந்துகொண்டிருந்தாள். சுற்றிலும் ஈ காக்கை இல்லை. “குருவி” என்று கூப்பிட்டேன். நடந்துகொண்டே இருந்தாள். சத்தமாகக் கூப்பிட்டேன். காதில் விழாத மாதிரி இல்லை, அது தன்னுடைய பெயரே இல்லை என்கிற மாதிரி நடந்தாள். “மேடம்” என்றேன். நின்று, திரும்பி, “என்ன?” என்றாள்.

திட்டுவதற்கு நான் தப்பு செய்ய வேண்டிய அவசியமும் போய்விட்டது. விருந்தாளி யாரும் இல்லாதபோதும் திட்டினாள். குரல் இறங்கும், கண் என் செருப்புக்கு வரும், கேள்வி வரும், உடனே வேறு பேச்சு. அம்மாவைவிட நன்றாகத் திட்டினாள். அம்மாவுக்குச் சில நாள் அலுப்பு வந்துவிடும், இவளுக்கு வரவில்லை. நான் அவள் காதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். விரல் போகுமா, போகுமா என்று. ஒரு நாள் கேட்டே விட்டேன்.

“இன்னைக்கு நீ காதைத் தொடலையே?”

“தொட்டேன். நீ பாக்கல.”

அடுத்த தடவை கண் இமைக்காமல் பார்த்தேன். தொடவில்லை. “எங்க பாக்கற நீ?” என்றாள். நாத்தனாரிடம் திரும்பி, “ஆம்பளை வேலைக்காரன் வெச்சாலே இந்தத் தொல்லை” என்றாள். நாத்தனார் என்னை மேலும் கீழும் பார்த்த பார்வையில் நான் கூசிப்போனேன். அவர் கண்ணில் நான் ஒரு பொறுக்கியாகவும் ஆகிவிட்டேன்.

அப்போதாவது போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போகத்தான் நினைப்பேன். நான் பெட்டியை எடுத்து வைக்கிற நாளெல்லாம் அவளுக்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிடும். ஷெட் பக்கம் வருவாள். வாளியைத் தாண்டுவாள். “நீதான் என் உயிர்” என்பாள். விரல் தோட்டைத் திருகிக்கொண்டிருக்கும். நான் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவேன். தோடு வேறு வேறாக மாறிக்கொண்டே இருந்ததால், புதுத் தோடு என்றால் குத்தத்தான் செய்யும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

போன வாரம் நாத்தனாரையும் அவளையும் நகைக்கடைக்கு அழைத்துப் போனேன். வெகுநேரம் கழித்து வெளியே வந்தார்கள். கதவைத் திறந்துவிட்டு, ஏறிய பின் சாத்திவிட்டு, ஓட்ட ஆரம்பித்தேன்.

“தோடு ரெண்டும் பாலிஷ் ஆகி, செட்டோட சேந்து வந்துடும். கல்யாணத்தன்னைக்குப் பளிச்சுன்னு இருக்கும், மருமகளே,” என்றார் நாத்தனார்.

ரோட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. நிறுத்தினேன். மருமகளே.

“உங்க பையனுக்கு நான் செலக்ட் பண்ணின மோதிரம் பிடிக்குமா, அத்தை?” என்றது குருவியின் குரல்.

“அவனுக்கு என்ன, முதல் பொண்டாட்டி போனதுலேருந்து நீங்க வெச்சதுதான் சட்டம்னு இருக்கான். எங்க அண்ணன் வீடு எங்க வீட்டுக்கே திரும்பி வருது, எனக்கு அது போதும்.” பிறகு என் பிடரியைப் பார்த்திருப்பார். “இந்த டிரைவருக்கு அன்னைக்காவது ஒரு புது யூனிஃபார்ம் தைச்சுக் குடுக்கணும். காருக்குப் பூ ஜோடிச்சுட்டு, அந்தப் பழைய மழைக்கோட்டைப் போட்டுட்டு வந்து நின்னான்னா மானம் போகும்.”

“சொல்லிடறேன், அத்தை.”

பின்னால் ஹாரன் அடித்தார்கள். விளக்கு எப்போதோ பச்சையாகியிருந்தது. “தூங்கறியா?” என்றாள். கியரைப் போட்டேன்.

நாத்தனாரை அவர் வீட்டில் இறக்கிவிட்டேன். அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தோம். போர்ட்டிகோவில் நிறுத்தினேன். இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தேன். அவள் இறங்கினாள். நான் கதவைச் சாத்தாமல் அதைப் பிடித்துக்கொண்டு வழியை மறித்து நின்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கார்க் கதவை அப்படிப் பிடித்தேன்.

“நம்ம கல்யாணம்?”

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். கேட் மூடியிருந்தது. முகம் மெல்ல இளகியது. நான் எத்தனையோ நாளாகப் பார்க்காத அந்த முகம், படிக்கட்டில் டீ குடித்த முகம், எங்கிருந்தோ வந்து அவள் முகத்தில் உட்கார்ந்தது. என் மார்பில் கை வைத்தாள்.

“பைத்தியம். அது அவங்களுக்காக நான் ஆடற நாடகம்னு உனக்குத் தெரியாதா? அந்தம்மா வாயை மூடணும், சொத்து மேல கேஸ் கீஸ்னு போகாம இருக்கணும், அதுக்குத்தான். கொஞ்ச நாள். எல்லாம் முடிஞ்சதும் நீயும் நானும்தான். என் மனசுல உன்னைத் தவிர யாரு இருக்கா, டிரைவர் சார்?”

சார்! எனக்குள் குளுகுளுவென்று ஆனது, அந்த வெட்கங்கெட்ட இடத்தில், அந்த நேரத்திலும்.

அவளுடைய இன்னொரு கை மெல்ல மேலே போனது. காது மடலைப் பிடித்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து லேசாக நிமிண்டியது.

காதில் தோடு இல்லை. நகைக்கடையில் இருந்தது. திருகு இல்லை, குத்துவதற்கு ஒன்றுமே இல்லை. சின்ன ஓட்டையோடு வெறும் மடல்.

பேசுவது எதுவும் மனதில் இல்லை, எல்லாம் வேஷம். அவளே சொன்ன அர்த்தம். என்னை ஏமாற்றுவதற்காக அதைச் செய்தாள் என்றுகூடச் சொல்ல மாட்டேன். நான் பார்க்க வேண்டும் என்று அவள் தொடவில்லை. இல்லாததைப் பேசும்போது அந்தக் கை தானாகப் போகும் அளவுக்கு நான்தான் பழக்கிவிட்டிருந்தேன். ஒழுகும் அறையில் தோளில் சாய்ந்தபோது போனது. டிப்போ வேலையை விடச் சொன்னபோது போனது. உயிர் என்றபோதெல்லாம் போனது. நான் திருகைத் தளர்த்திக்கொண்டிருந்தேன். முன் சீட்டில் உட்கார்ந்து அடுத்த வாரம் என்று சொன்ன அந்த ஒரு நாள் மட்டும் இரண்டு கையிலும் ஐஸ்கிரீம். அந்தப் பழக்கம்கூட அப்போது வந்திருக்கவில்லை. அந்த ஒன்றை நான் வைத்துக்கொள்ளலாம்.

நான் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்துவிட்டாள். கை சட்டென்று இறங்கியது. முகமும் இறங்கியது. பழைய முகம் வந்துபோன சுவடே இல்லை. அவள் கண் கீழே வந்தது, என் செருப்புக்கு.

“இந்தச் செருப்போடதான் என் கூட நகைக்கடை வாசல்ல நின்னியா?” என்றாள், மிக மெல்ல. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வானத்தைப் பார்த்தாள். “இன்னைக்கு வெயில் ஜாஸ்தி. காரைக் கழுவி நிழல்ல விடு. நாளைக்கு டெய்லர் வருவார், அளவு குடு.”

இரண்டு கையும் கைப்பையில் இருந்தன. காதுப் பக்கம் எதுவும் போகவில்லை. அவள் என்னிடம் மனதிலிருந்து பேசியது இதுதான். இந்த இரண்டு வருஷமும் திட்டும்போது மட்டும்தான் அவள் என்னிடம் பொய் சொல்லவில்லை.

“ரொம்ப சந்தோஷம், மேடம்,” என்றேன். “கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும்.”

சொல்லும்போது நானும் என் காது மடலைத் தொட்டேன். நன்றாகத் தெரிகிற மாதிரி, வலிக்கிற அளவுக்கு அழுத்திப் பிடித்தேன். அவள் படி ஏறி உள்ளே போய்க்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கவே கூடாது என்று சொல்லிக்கொடுத்தவன் நான்தானே.